சேப்பல் ஃபீல்டின் மூலை வீடு

மால்ட்டிங்ஸ் சந்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். பக்கத்து வீட்டு வில்ஃப் தர்லோ காலையில் இருமத் தொடங்கினால் என் சமையலறைக் கொக்கிகளில் தொங்கும் கோப்பைகள் மெல்லக் கிணுகிணுக்கும். கடிகாரம் பார்க்காமலே, எழுந்து அடுப்பு மூட்டும் நேரமாயிற்று என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வில்ஃப் தன் வாலிபம் முழுவதையும் சந்து முனையில், பீர் காய்ச்சுவதற்காக பார்லியை முளைகட்டி உலர்த்தும் மால்ட் ஆலையில் கழித்தவன். ஊறவைத்த பார்லியைக் கல்தளத்தில் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பி, முளை விடும்போது மரத் துடுப்பால் புரட்டிப் போட வேண்டும். பிறகு சூளைக்கு மேலே இரும்புத் தட்டிகளில் உலர்த்த வேண்டும். உலர்த்தும் நாட்களில் ஆல்டன்ஹைத் ஊர் முழுக்க பிஸ்கட் வாசனை அடிக்கும். வெளியூர்க்காரர்கள் மூச்சை இழுத்து முகர்ந்து, கொடுத்துவைத்தவர்கள் நீங்கள் என்பார்கள். உள்ளே வேலை பார்த்தவர்கள் அந்த வாசனையோடு தூசியையும் சேர்த்து இழுத்தார்கள். ஆலை வேலையை விட்டு நின்றபோது வில்ஃபால் படியேற முடியவில்லை. பேச ஆரம்பித்தால் பாதி வாக்கியத்தில் நின்று மூச்சு வாங்குவான்.

அவன் மனைவி மேவிஸ் என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். அகன்ற தோள், மாவு பிசைந்து திரண்ட கை. காலையில் நாங்கள் இருவரும் சேர்ந்து மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு தோலுரிப்போம். சாயங்காலம் அவள் நகராட்சிக் கவுன்சிலர். படகுத்துறைப் படிகளில் விளக்கு இல்லாமல் ஒரு படகோட்டி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது, ஏப்ரனோடு டவுன் ஹாலுக்குள் போய் நின்றவள் அவள். அவ்வளவு பேசத் தெரிந்தால் நீயே தேர்தலில் நின்று பாரேன் என்று யாரோ கேலியாகச் சொன்னார்கள். நின்றாள், ஜெயித்தாள். அதற்குப் பிறகு தோற்கவே இல்லை.

அவளுடைய ஆபீஸ் அவள் வீட்டுச் சமையலறைதான். பின்கதவு சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. புகைபோக்கி அடைத்துக்கொண்டவர்கள், வீட்டுச் சொந்தக்காரனோடு சண்டை போட்டவர்கள், குழந்தை வண்டி வைக்க இடமில்லாதவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அடுப்பருகே இருந்த ஒரே நல்ல நாற்காலி வில்ஃபுடையது. ஆள் வந்ததும் அவன் எழுந்துகொள்வான். நிலக்கரிப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள்கூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

சேப்பல் ஃபீல்டு என்ற காலி மைதானத்தில் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் தரைமட்ட வீடுகள் கட்டலாம் என்று கவுன்சிலில் முதலில் பேசியவள் மேவிஸ்தான். அங்கே கார் நிறுத்துமிடம் வர வேண்டும் என்று கடைக்காரர்கள் குதித்தார்கள். அவள் விடவில்லை. அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து வில்ஃப் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அங்கே போய்வந்தான். கொத்தனார்களோடு தேநீர் குடித்தான். மூலை வீட்டுக்குச் சுவர் எழும்பியபோது, ஜன்னல் வைக்கிற உயரத்தில் தடியை நீட்டிப் பிடித்து, "இங்க உக்காந்தா தண்ணி தெரியுமா?" என்று கேட்டானாம். தெரியும். அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் உப்புச் சதுப்பைத் தாண்டி லேன் ஆறு கடலோடு கலக்கிற அகலம் முழுக்கத் தெரியும். மால்ட்டிங்ஸ் சந்தில் எங்கள் ஜன்னல்களுக்கு எதிரே ஆலைச் சுவர்தான்.

"நாற்காலிய இந்தப் பக்கம் போட்டுக்கணும்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். "அந்தப் பக்கம் போட்டா காத்து அடிக்கும்." எந்த வீட்டில், எந்த நாற்காலி என்று நான் கேட்கவில்லை.

அப்போதுதான் லண்டனிலிருந்து அந்தச் சட்டம் வந்தது. சின்னச் சின்ன நகராட்சிகளெல்லாம் ஏப்ரல் முதல் தேதியோடு முடிந்துபோகும். நாங்களும், ஆற்றுக்கு அக்கரையிலிருந்த பிராக்ஸ்டனும், நடுவே கிடக்கிற கிராமங்களும் சேர்ந்து ஒரே மாவட்டம். ஆபீஸ் பிராக்ஸ்டனில். ஏதோ ஒரு அரசன் எங்கள் ஊரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுத்த சாசனம் டவுன் ஹாலில் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. மீன் சந்தை நடத்தவும், சதுப்பில் ஆடு மேய்க்கவும், திருடனைத் தூக்கில் போடவும் எங்களுக்கு உரிமை கொடுத்த சாசனம். முட்டாள்கள் தினத்தன்று அது வெறும் தோலாகிவிடும் என்று மதுக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள்.

புது மாவட்டத்துக்கு லேன் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்தார்கள். "பள்ளத்தாக்கா?" என்றான் சிட் ப்ரையர். "நம்ம ஊர்ல மேடே கிடையாதே, பள்ளம் எங்கேருந்து வந்துச்சு?"

சிட்டும் ஆலையில் வில்ஃபுக்குப் பக்கத்தில் நின்று பார்லி புரட்டியவன். அவனுக்கும் அதே இருமல்தான். அவனும் அவன் மனைவி ஏனாவும் மீன் வறுக்கும் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தார்கள். செங்குத்தான மரப்படி. கடைசியாக சிட் எப்போது கீழே இறங்கினான் என்று கேட்டால் ஏனா யோசித்துத்தான் சொல்வாள். கரியும் தண்ணீரும் அவள்தான் மேலே தூக்கினாள். நகராட்சி வீட்டுக்கு அவர்கள் பல வருஷமாகக் காத்திருந்தார்கள்.

புது மாவட்டத்துக்கான தேர்தலில் மேவிஸ் நிற்கவில்லை. "கூட்டம் முடியறதுக்குள்ள கடைசி பஸ் போயிடும்," என்றாள். "நீந்தியா வரச் சொல்ற?" அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் சொன்ன காரணமும் உண்மைதான்.

அந்தக் குளிர்காலத்தில் சுரங்கத் தொழிலாளர் தகராறினால் நிலக்கரி தட்டுப்பாடு. மின்சாரம் முறைவைத்துத்தான் வந்தது. கிழக்கிலிருந்து காற்று சதுப்பைச் சீவிக்கொண்டு வந்து கதவிடுக்கில் நுழைந்தது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரவல் வாங்கிய வாணலியைத் திருப்பிக் கொடுக்க நான் தர்லோ வீட்டுக்குப் போயிருந்தேன். மேவிஸ் ஈரலும் வெங்காயமும் வதக்கிக்கொண்டிருந்தாள். மேயர் ஹொரஸ் லீட் பின்கதவு வழியாக உள்ளே வந்தார். பெரிய தெருவில் இரும்புக்கடை வைத்திருந்தவர். மெழுகுவர்த்தி விற்றே அந்த மாதம் கொழுத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. வில்ஃப் வழக்கம்போல நாற்காலியை விட்டு எழப் பார்த்தான்.

"நீ உக்காரு வில்ஃப். இன்னிக்கு நான் நிக்கிறேன்," என்றார் மேயர். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே மேவிஸைப் பார்த்தார். "வியாழக்கிழமை வீட்டு வசதிக் கமிட்டி. நாம கூடற கடைசிக் கமிட்டி அதுதான்."

"தெரியும்."

"சேப்பல் ஃபீல்டுல மூலை வீடு ஒண்ணுதான் பாக்கி. அத நாம குடுக்கலேன்னா பிராக்ஸ்டன்காரன் கைக்குப் போயிடும். அவன் யாரையாவது அவன் ஆளக் கொண்டாந்து வெப்பான்."

"குடுத்துடலாம். பட்டியல்ல அடுத்த முறை சிட் ப்ரையருக்குத்தான்."

மேயர் தொண்டையைச் செருமினார். "நாங்க நாலஞ்சு பேர் பேசிக்கிட்டோம் மேவிஸ். இத்தன வருஷம் ஊருக்கு உழைச்சிருக்க. உனக்கு நாங்க என்ன செஞ்சோம்? ஒரு வெள்ளித் தட்டு குடுத்தா நீ அதுல மீன் வெச்சுத் தின்னுவ. அதான், அந்த வீட்ட வில்ஃபுக்குக் குடுத்துடலாம்னு. நீ பேர மட்டும் குடு. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"எந்தப் பேர?" என்றான் வில்ஃப்.

மேவிஸ் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கினாள். வெங்காயம் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"பேருதான் முன்னாலேயே குடுத்தாச்சே," என்றான் வில்ஃப். "நம்ம முறை இன்னும் வரலன்னுதானே..."

மேயர் தரையைப் பார்த்தார். தான் தவறான நேரத்தில் வந்துவிட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. வியாழக்கிழமைக்குள் சொல்லு என்று முணுமுணுத்துவிட்டு வெளியேறினார். நானும் கொண்டுவந்த வாணலியை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

"நீ இரு டோரீன்," என்றான் வில்ஃப். "உன் வீட்டுக்குப் போனாலும் சுவர் வழியா எல்லாம் கேக்கத்தான் போவுது. இங்கேயே உக்காந்து கேளு, கணப்பாவது இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. நான் நிலக்கரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

"நான் பேரே குடுக்கல வில்ஃப்," என்றாள் மேவிஸ்.

"நம்ம முறை வரும்னு நீ சொன்ன."

"முறை வரும்னு சொல்லல. பாக்கலாம்னு சொன்னேன்."

"பாக்கலாம்." அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நான் பாத்தேன் மேவிஸ். தினம் தினம் போயிப் பாத்தேன். கதவு மாட்டினதப் பாத்தேன், கண்ணாடி மாட்டினதப் பாத்தேன். அந்தக் கொத்தனாருங்க என்னப் பாத்து, மிஸ்டர் தர்லோ எப்ப குடி வரீங்கன்னு கேட்டானுங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்னு சொன்னேன். அது பொய்யின்னு உனக்குத் தெரிஞ்சிருக்கே, ஒரு வார்த்த சொல்லணும்னு உனக்குத் தோணலயா?"

"வீடு குடுக்கிற எடத்துல நான் தலைவியா உக்காந்திருக்கேன். என் புருஷன் பேர நானே வெச்சா, நாளைக்கு இந்தப் படியேறி எவ வருவா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டுமே. சொல்றதுக்கு மூச்சு இருக்கறவங்க சொல்லட்டும்."

மேவிஸ் கையைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "சிட்ட யோசிச்சுப் பாரு. அந்தப் படி. ஏனா கரி தூக்கறது."

"நான் யோசிக்கலன்னா சொல்ற? அவன் நெஞ்சுல இருக்கறதும் என் நெஞ்சுல இருக்கறதும் ஒரே தூசி. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் தின்னோம்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நான் நல்லவன்னு உனக்கு எவன் சொன்னான்? நான் நல்லவன் இல்ல. எனக்கு அந்த ஜன்னல் வேணும். அவ்வளவுதான்."

அன்றைக்கு அந்த ஈரலை யாரும் தின்னவில்லை என்று நினைக்கிறேன்.

மறுநாள் பள்ளிக்கூடச் சமையலறையில் மாட்டுக்கொழுப்பு சேர்த்து ஆவியில் வேகவைக்கும் புட்டிங்குக்கு மாவு பிசையும்போது அவள் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அவன் என்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல டோரீன். கல்யாணம் பண்ணிக்கறயான்னுகூடக் கேக்கல. 'நீ கூட இருந்தா நல்லாருக்கும்'னான். அது கேக்கறதா? நானா புரிஞ்சுக்கிட்டுச் சரின்னேன்." மாவைத் திருப்பிப் போட்டு அறைந்தாள். "ராத்திரி பூரா சுவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தான். இருமல அடக்கிக்கிட்டு. என் காதுல விழக் கூடாதாம்."

அடக்கினான் என்பது எனக்கும் தெரியும். அன்று காலை நான் நேரம் கழித்துத்தான் எழுந்தேன்.

"பேரு குடுக்கப் போறியா?"

"சாயங்காலம் போறேன்."

வியாழக்கிழமை மத்தியானமே கமிட்டி கூடியது. இருட்டிய பிறகு மின்சாரம் கிடையாது. கூட வா என்று மேவிஸ் கூப்பிட்டாள். "அந்தக் கதவுக்கு வெளியில நான் நின்னதே இல்ல," என்றாள். தன் வீட்டுப் பேர் விவாதத்துக்கு வரும்போது அவள் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும், அதுதான் விதி. நான் நடைக்கூடத்துப் பெஞ்சில் காத்திருந்தேன். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரில் கறுப்புப் பலகைகளில் மேயர்களின் பெயர்கள் தங்க எழுத்தில் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தன. ஒரே குடும்பப் பெயர் அப்பன், மகன், மருமகன் என்று திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஹொரஸ் லீட். அதற்குக் கீழே இன்னும் நிறைய இடம் இருந்தது.

"பாரு," என்றாள். "கூட்டாளிக்கும் மச்சானுக்கும்தான் எல்லாம் போயிருக்கும். சந்தையில நல்ல எடம், சதுப்புல நல்ல புல்லு. எத்தன நூறு வருஷமா இந்தக் கதவுக்குப் பின்னால அதுதான் நடந்திருக்கும். நான் உள்ள போயி அத நிறுத்திட்டேன்னு நெனச்சேன்."

"நீ கேக்கல மேவிஸ். அவங்களாத்தான் குடுக்கறாங்க."

"அவங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க," என்று தலையால் பலகையைக் காட்டினாள்.

கதவு திறந்தது. உள்ளே வரலாம் என்றார் டவுன் கிளார்க். திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹொரஸ் லீட்டின் முகம் சந்தோஷத்தில் சிவந்திருந்தது. அவர் மனதில் கள்ளமில்லை. மேவிஸ் அடி வாங்கியவள் போல வாசலிலேயே நின்றாள்.

டவுன் ஹாலிலிருந்து நேரே மீன் கடைக்குத்தான் போனாள். வேறு யாராவது சொல்வதற்கு முன் தானே சொல்ல வேண்டும் என்றாள். நான் கீழே எண்ணெய் வாசனையில் நின்றேன். சீக்கிரமே இறங்கி வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"சிட், 'வில்ஃபுக்கா? சரி'ன்னான். ஏனா அடுப்புக்குக் கரி போட்டுக்கிட்டே இருந்தா. திரும்பவே இல்ல."

மார்ச் மாதக் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. கடைசி ஊர்வலம். முன்னால் செங்கோல் தூக்குகிறவர், பிறகு சங்கிலியோடு மேயர், பிறகு சிவப்பு அங்கியில் மூத்த உறுப்பினர்கள், பின்னால் கவுன்சிலர்கள். டவுன் ஹாலிலிருந்து தேவாலயம் வரை ஊரே இரண்டு பக்கமும் நின்றது. மழை வருவதும் போவதுமாக இருந்தது. செங்கோல் போனபோது சில ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கவுன்சிலை வாழ்நாளெல்லாம் திட்டியவர்கள்தான். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் இனி யாரைத் திட்டுவது என்கிற துக்கம் அது. முகம் தெரிந்தவனைத் திட்டுவது வேறு.

கவுன்சிலர்கள் போகப் போகப் பெயர் சொல்லிக் கைதட்டினார்கள். மேவிஸ் வந்தபோது கைதட்டல் மெலிந்தது. என் பக்கத்தில் நின்ற ஒருத்தி குழந்தையின் தொப்பியைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். புகைபோக்கி அடைத்துக்கொண்டு புகை சூழ்ந்த நாளில் மேவிஸின் சமையலறையில் உட்கார்ந்து அழுதவள்தான் அவள். மேவிஸ் நேரே பார்த்துக்கொண்டு, மழையில் தொப்பி இறகு தொங்க, கடைசிவரை நடந்தாள்.

அந்த வாரமே அவர்கள் குடி போனார்கள். ஒரு கைவண்டியில் வீடு முழுவதும் அடங்கிவிட்டது. வில்ஃப் தன் நாற்காலியைத் தான் சொன்ன பக்கத்திலேயே போட்டுக்கொண்டான்.

அவன் அங்கே சந்தோஷமாக இருந்தான். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. உலர்ந்த சுவர், படியில்லாத வாசல், உள்ளேயே குளியலறை. தண்ணீர் ஏறும்போது சதுப்பின் ஓடைகள் ஒவ்வொன்றாக நிறைவதும், வற்றும்போது சேற்றில் பறவைகள் கொத்தித் திரிவதும், கிளிஞ்சல் பொறுக்குகிறவர்கள் குனிந்த முதுகோடு நகர்வதும் அவன் கண்முன் இருந்தன. இருமல் போகவில்லை, ஆனால் நடுவே ஓய்வு கிடைத்தது. முழு வாக்கியங்களாகப் பேசினான். ஒரு நாள் என்னிடம் உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு முழுக் கதையே சொன்னான்.

மேவிஸ் பின்கதவைத் திறந்தே வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. இனி எதற்கும் பிராக்ஸ்டன் ஆபீஸ்தான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சாயங்காலங்களில் நான் போனால், காலடிச் சத்தம் கேட்டதும் அவள் தலை வேகமாகத் திரும்பும். நான் என்று தெரிந்ததும், "நீதானா, வா," என்பாள். அந்த "நீதானா"வில் என் மேல் கோபமில்லை.

"படகுத்துறையில விளக்கு அணைஞ்சு கெடக்காம்," என்பாள். "யாராவது சொன்னாங்களா அங்க?"

"சொல்லியிருப்பாங்க."

"யாரு சொல்லியிருப்பா?"

அவள் மேசையைத் துடைப்பாள். துடைத்த மேசையை மறுபடி துடைப்பாள். மனிதர்கள் மீதான ஏக்கம் பசி மாதிரி முகத்தில் தெரியும் என்பதை அந்தக் கோடையில்தான் பார்த்தேன். வில்ஃபும் பார்த்தான். ஜன்னலிலிருந்து கண்ணைத் திருப்பி அவளைப் பார்ப்பான். பிறகு மறுபடி தண்ணீரைப் பார்ப்பான்.

அக்டோபரில், கடல்மூடுபனி விலகிய ஒரு காலையில், நானும் அவளும் ஊறுகாய்க்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் விடுமுறை. பின்வாசலில் நிழல் விழுந்தது. ஏனா ப்ரையர். வாசலைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றாள்.

"மன்னிக்கறதுக்கு வரல," என்றாள்.

"தெரியும்," என்றாள் மேவிஸ்.

"உள்கூரைச் சுண்ணாம்புப் பூச்சு விழுந்துடுச்சு. சிட் படுக்கை மேல. நல்லவேள, அவன் அப்பதான் எந்திரிச்சு உக்காந்திருந்தான். வீட்டுச் சொந்தக்காரன் பாக்க மாட்டேங்கறான். பிராக்ஸ்டனுக்குப் போனேன். ஒரு ஜன்னல்லேருந்து இன்னொரு ஜன்னலுக்கு அனுப்பினான். அங்க ஒருத்தன், எந்த ஊருன்னான். ஆல்டன்ஹைத்னேன். எப்படி எழுதறதுங்கறான்."

"நீ என்ன சொன்ன?"

"கத்தினேன். வெளிய போகச் சொல்லிட்டான்." ஏனா உதட்டை இறுக்கிக்கொண்டாள். "எனக்குக் கத்தத்தான் தெரியும். உனக்குப் பேசத் தெரியும்."

"நான் இப்ப கவுன்சிலர் இல்ல ஏனா."

"கவுன்சிலரா இருந்தப்ப எனக்கு என்ன கிழிச்ச?"

வெங்காயத்தால்தானோ என்னவோ, எனக்குக் கண் எரிந்தது. மேவிஸ் எழுந்து கை கழுவினாள். ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"அடுத்த பஸ் எப்ப?"

"மத்தியானம். ஆனா சிட்ட தனியா விட முடியாது. தூசி பூரா உள்ள போயிருக்கு, நேத்துலேருந்து மூச்சு இழுக்குது. கீழ கடையிலயும் கூட இருந்து பாத்துக்க ஆளில்ல."

"இங்க கொண்டாங்க," என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. வில்ஃப் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "மீன் வண்டியில வெச்சுக் கொண்டாரச் சொல்லு."

ஏனா போய், மீன்காரனையும் அவன் தம்பியையும் பிடித்து, சிட்டை நாற்காலியோடு படியிறக்கி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். சிட் மிகவும் மெலிந்திருந்தான். புருவத்தில் இன்னும் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மீன்காரனும் நானும் அவன் நாற்காலியை ஜன்னலுக்கு முன்னால், வில்ஃபின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டோம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பெண்கள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.

அந்த அலைச்சல் அந்த ஒரு நாளோடு முடியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் சேர்ந்து போய் வந்தார்கள். ஏனாவுக்குத் தரைமட்ட வீடு கிடைத்தபோது அடுத்த கோடை வந்துவிட்டது. அதுவும் பிராக்ஸ்டனில், ரயில் பாதைக்குப் பின்னால். சிட் அதைப் பார்க்க இருக்கவில்லை. ஆனால் அந்த மத்தியானம் இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

நான் சமையலறையில் வெங்காயத்தை முடித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் வெகுநேரம் இரண்டு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டது.

"சிட்," என்றான் வில்ஃப் கடைசியில். "இந்த வீடு..."

"பேசாத. தண்ணி ஏறுது."

இருவரும் பார்த்தார்கள். முதலில் பெரிய ஓடை மினுங்கியது. பிறகு அதன் கிளைகள்.

"இந்த ஜன்னல் சட்டம் மறைக்குது," என்றான் சிட்.

வில்ஃப் கஷ்டப்பட்டு எழுந்து தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தான். நான் உள்ளே ஓடி, சிட்டை நாற்காலியோடு நடுவுக்கு நகர்த்தினேன். இப்போது தெரிகிறதா என்று கேட்டேன். அவன் தலையாட்டினான். வில்ஃபுக்கு அங்கிருந்து சிட்டின் தலையும் அதற்கு மேலே கொஞ்சம் வானமும்தான் தெரிந்திருக்கும்.

"அந்தப் பக்கம் ஒரு மணல்திட்டு இருந்துச்சே," என்றான் சிட். "சின்னப்ப நாம நீந்திப் போவோம்."

"அது கரைஞ்சிடுச்சு. இப்ப இல்ல."

"எப்ப?"

"தெரியல. நான் பாக்க ஆரம்பிச்சப்பவே இல்ல."

"யாராவது சொல்லக் கூடாதா," என்றான் சிட், நிஜமான வருத்தத்தோடு. அதற்கு வில்ஃப் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அந்த இருமல் சிட்டையும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேருக்கும் நான் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்து முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது அவர்கள் திரும்பி வந்தார்கள். மேவிஸின் கன்னம் காற்றில் சிவந்திருந்தது. செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து பார்ப்பார் என்று வாக்கு வாங்கிவிட்டார்களாம். அந்த ஜன்னல்காரனுக்கு ஆல்டன்ஹைத் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னது ஏனாதானாம். அதைச் சொல்லும்போது மேவிஸின் குரலில் பழைய சமையலறைக் குரல் இருந்தது. அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.

ஏனா முன்னறை வாசலில் நின்றாள். அந்த வீட்டுக்குள் அவ்வளவு தூரம் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. சுவரைப் பார்த்தாள், கணப்பைப் பார்த்தாள், பின்னால் ஒதுங்கிக் கிடந்த வில்ஃபின் நாற்காலியைப் பார்த்தாள். வில்ஃப் எழப் பார்த்தான். அவள் வேண்டாமென்று கையைக் காட்டினாள்.

"போலாமா சிட்? வண்டி நிக்குது."

சிட் திரும்பவில்லை. சதுப்பு முழுக்க நிறைந்து, கரையோரப் புல்லின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"இன்னும் வத்தல," என்றான்.

ஏனா அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கோட்டின் மேல் பொத்தானை மட்டும் அவிழ்த்தாள்.